சகவாச தோஷம்

கருவுற்ற சிறுமியொருத்தி வகுப்பில் அமர்ந்திருந்தால் அவளைப் பார்த்து மற்றச் சிறுமியரும் கெட்டுப்போவார்கள் என்ற நம்பிக்கை, திண்ணைப் பேச்சோடு நின்றிருந்தால் அதனோடு வாதாட வேண்டிய அவசியமில்லை. ஆனால் சியரா லியோன் தேசத்துச் சர்க்கார் 2015 ஏப்ரலில் அதையே காரணம் காட்டி, கருவுற்ற மாணவியர் பள்ளிக்கு வரலாகாதென்று ஆக்ஞை பிறப்பித்தது. தான்சானியாவின் அப்போதைய ஜனாதிபதி மகுஃபுலியும் 2017இல், தமது ஆட்சியில் கருவுற்ற மாணவி எவளும் பள்ளிக்குத் திரும்ப முடியாதென்று பகிரங்கமாகவே அறிவித்தார்.

சியரா லியோனில் அந்த ஆக்ஞை பிறந்த சந்தர்ப்பத்தை யோசித்துப் பார்த்தால் நகைப்பதா, நொந்துகொள்வதா என்று தெரியவில்லை. எபோலாக் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பெற்றோரைப் பறிகொடுத்தும், வீட்டில் அடுப்பெரிய வழியின்றியும், காவலற்று நின்ற பெண்கள் பலர் அந்தக் காலத்தில்தான் பலாத்காரத்தாலும் பசியின் நிர்ப்பந்தத்தாலும் கருவுற்றார்கள். பள்ளி மூடியிருந்தபோது நேர்ந்த விபரீதத்துக்குப் பரிகாரமாகப் பள்ளியின் கதவையே அவர்களுக்கு அடைத்தார்கள்! பரீட்சை எழுதவும் அனுமதியில்லை. சில பள்ளிகளில் மாணவியரின் வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். அக்கருவுக்குக் காரணமான ஆடவன் மாணவனாயினும் ஆசிரியனாயினும், அவனைத் தடவிப் பார்க்க ஒருவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. பின்னர் மனமிரங்கி ஏற்படுத்திய தனிப் பள்ளிகளோ வாரத்தில் மூன்று நாள், சில பாடங்கள் மட்டும் என்ற அளவில் நடந்தன.

ஒழுக்கத்தைக் காக்கவே இந்த விலக்கு என்பார்கள். விலக்குக்கு அஞ்சும் பெண் கர்ப்பத்தை மறைப்பாள். மறைப்பவள் வைத்தியசாலைக்குப் போகமாட்டாள், அல்லது கள்ளத்தனமாகக் கருக்கலைப்பவரைத் தேடுவாள். இடுப்பெலும்பு முதிராத தேகத்தில் பிரசவம் தடைப்பட்டு, மூத்திரப்பையில் துளை விழுந்து, சரிசெய்யாவிட்டால் ஆயுள் முழுதும் நீர் கசியும் அவதி ஏற்படுவது, பெரும்பாலும் சிகிச்சை பிந்திய இத்தகையோருக்குத்தான்.

கருவுற்ற மாணவியரைப் பிரசவத்துக்குப் பின் மீண்டும் சேர்த்துக்கொள்வதென்ற கொள்கையைக் கென்யா 1994இலேயே ஏற்றுக்கொண்டது. அங்கே 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் தாயானவர்களும் முதற்கரு தரித்தவர்களும் 2003இல் 23 சதவீதம். 2022இல் 15 சதவீதம். இந்தக் குறைவு அக்கொள்கையால் மட்டுமே வந்ததென்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் கர்ப்பம் கண்ணால் ஒட்டிக்கொள்ளும் வியாதியாயின், அந்தக் கணக்கு ஏறியல்லவா இருக்க வேண்டும்?

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் சியரா லியோனின் தடையைப் பாரபட்சமென்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் அத்தடை நீங்கியது. தான்சானியாவும் 2021 நவம்பரில் இறங்கிவந்தது. ஆனால் பள்ளியின் மானம் போய்விடுமென்று அஞ்சும் தலைமையாசிரியரின் மனத்தை மாற்ற எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. குழந்தையை இடுப்பில் தாங்கி விண்ணப்பத்தோடு வருபவள் சந்திக்க வேண்டியவரோ அவர்தாம்.