தொப்பியை ஈடு வைத்தால் புத்தகம்

செப்டம்பர் 11 நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்கள் தேடி எடுத்து அச்சிடும் நிழற்படம் ஒன்று உண்டு. உடலெங்கும் சாம்பல் படிந்த ஐந்து ஆண்கள், தலை சாய்ந்து கிடக்கும் முதியவர் ஒருவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகின்றனர். அவர் நியூயார்க் தீயணைப்புத் துறையின் சமயகுருவாக இருந்த அருட்தந்தை மைக்கல் ஜட்ஜ். 2001ஆம் ஆண்டுத் தாக்குதலில் உயிரிழந்தோர் பட்டியலில் 0001 என்ற எண் அவருக்கு உரியது. படத்தோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வரும்: இறந்துகொண்டிருந்த வீரர் ஒருவருக்கு இறுதிச் சடங்கு செய்வதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்றிய கணத்தில் இடிபாடு விழுந்து அவர் மாண்டார் என்பது அக்கதை. தெற்குக் கோபுரம் சரிந்தபோது வடக்குக் கோபுரத்தின் தரைத்தளக் கூடத்தில் அவர் உயிர் பிரிந்தது என்று உடனிருந்தோர் சொல்லிவிட்ட பின்பும், அழகான பொய்யை விட்டுக்கொடுக்கப் பத்திரிகைகளுக்கு மனம் வருவதில்லை.

ஆயினும் இப்பத்தியின் எரிச்சல் அந்தப் பொய்யின்மேல் அன்று. சாவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் நாளிதழ், அதற்கு முந்தைய வாழ்வுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை என்பதன்மேல்தான். ஜட்ஜ் 1992 முதல் அப்பணியில் இருந்தார். ஆங்கிலத்தில் சாப்லின் எனப்படும் இப்பணியாளர், பங்கு மக்களுக்கென்று ஓர் ஆலயத்தை நடத்தாமல், படை, தீயணைப்பு, சிறை, மருத்துவமனை போன்ற ஒரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, அந்நிறுவனத்தின் ஆட்களிடையே அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பணியாற்றும் சமயகுரு. பிரான்சிஸ்கன் சபைத் துறவியான ஜட்ஜ் தங்கியிருந்த 31ஆம் தெரு மடத்துக்கு எதிரிலேயே தீயணைப்பு நிலையம் இருந்தது. ஒருகாலத்தில் குடிக்கு அடிமையாகி அதிலிருந்து மீண்டவர் என்பதால் குடிநோயிலிருந்து மீள விரும்புவோரின் கூட்டங்களில் அவருக்கு இயல்பான இடம் இருந்தது, எய்ட்ஸ் என்றாலே மக்கள் அஞ்சி விலகிய 1980களில் அந்நோயாளிகளின் படுக்கையருகே அவர் இருந்தார், 1996இல் டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் லாங் ஐலண்டு கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி 230 பேர் இறந்தபோது, அவர்களுடைய குடும்பத்தார் காத்திருந்த விடுதிக்கு நாள்தோறும் சென்றுவந்தார். இவற்றில் எதற்கும் புகழ்பெற்ற நிழற்படம் இல்லை.

ஒரு சமயகுருவின் தகுதியை, அவர் குண்டுக்கோ நெருப்புக்கோ எத்தனை அடி தொலைவில் நின்றார் என்று அளந்து முடிவுசெய்யும் இவ்வழக்கத்துக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. அவர் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். முதல் உலகப்போரில் அதிகாரியாக இருந்த அக்கவிஞர் 1929இல் வெளியிட்ட 'குட்பை டு ஆல் தட்' என்ற தன்வரலாற்றில், ஆங்கிலிக்கன் படைக்குருக்களுக்குச் சிப்பாய்களிடம் மதிப்பே இல்லை என்றும், கத்தோலிக்கக் குருக்களுக்கோ பெருமதிப்பு இருந்தது என்றும், முன்னவர் ஆபத்தைத் தவிர்த்ததும் பின்னவர் அதைத் தேடிச் சென்றதுமே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். நூல் சுவையானது; மூன்றாம் முறை படிக்கும்போதும் கீழே வைக்க முடியாதது; அதனாலேயே அதன் தீங்கும் பெரிது. பணத்தேவைக்காக விரைந்து எழுதியதையும், மக்கள் விரும்பும் சரக்குகளை அறிந்தே அதில் கலந்ததையும் கிரேவ்ஸ் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் போர்க்கால ஆங்கிலிக்கன் குருவைப் பற்றிப் பேச வருவோர் அப்பக்கங்களைச் சான்றாகக் காட்டிவிட்டு மேலே போய்விடுகின்றனர்.

கிரேவ்ஸ் சொல்லாமல் விட்ட காரணங்கள் இரண்டு. போரின் தொடக்கக் காலத்தில் ஆங்கிலிக்கன் குருக்கள் முன்னணிப் பதுங்குகுழிகளுக்குச் செல்லாமல் பின்னணி மருத்துவ நிலையங்களிலேயே இருக்கவேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. அது தனிமனிதக் கோழைத்தனம் அன்று. அடுத்தது இறையியல் சார்ந்தது. சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் புனித எண்ணெய் பூசி மன்னிப்பு வழங்கும் சடங்கு, அக்காலக் கத்தோலிக்கர் அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்தது, உயிர் உள்ளபோதே நடந்தாகவேண்டும் என்பதால் குருவானவர் சாவு நிகழும் இடத்துக்கே போயாகவேண்டியிருந்தது. ஆங்கிலிக்கன் மரபில் அத்தகைய கட்டாயம் இல்லை.

கட்டளை தளர்ந்ததும், கிரேவ்சின் அளவுகோலின்படியே வென்று காட்டியவர்களும் இருந்தனர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, ஐம்பது வயதைக் கடந்தபின் போருக்கு வந்த தியோடர் பெய்லி ஹார்டி, சிப்பாய்களுக்கு நடுவே எப்படிப் பணியாற்றுவது என்று ஸ்டடர்ட் கென்னடியிடம் யோசனை கேட்டார். கென்னடி படைவீரர்களுக்கு உட்பைன் சிகரெட்டுகளை வாரி வழங்கி 'உட்பைன் வில்லி' என்று பெயர்பெற்றவர். அவர் தந்த யோசனையின் சாரம், அவர்களோடு வாழ்ந்து, அவர்கள் போகும் இடமெல்லாம் போவது. ஹார்டி அப்படியே போனார். விக்டோரியா சிலுவை உட்பட மூன்று வீரப்பதக்கங்களைப் பெற்றார். ஊர் திரும்பச் செய்யும் முயற்சிகளுக்கு இணங்காமல் களத்திலேயே இருந்து, 1918 அக்டோபர் 18 அன்று, போர் ஓய நான்கு வாரம்கூட இல்லாதபோது, காயங்களால் இறந்தார். இந்த மாமனிதரைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இவரையே விடையாக முன்வைக்கும்போது கிரேவ்சின் கேள்வி சரியானது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது.

கேள்வியையே மாற்றியவர் வேறொருவர். ஈப்ரே போர்முனைக்குச் சுமார் 12 கிலோமீட்டர் பின்னால், பெல்ஜியத்தின் பொப்பரிங்கே என்ற சிற்றூரில், 1915 டிசம்பரில் இரண்டு படைக்குருக்கள் ஒரு வீட்டை மாதம் 150 பிராங்க் வாடகைக்கு எடுத்தனர். பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் பூக்களை விற்கும் வணிகருடைய வீடு அது. எறிகுண்டு பட்டுப் பின்பக்கம் சேதமாகியிருந்தது. ஒருவர் நெவில் டால்பட். அவ்வாண்டு ஜூலை 30 அன்று ஹூகே என்ற இடத்தில் கொல்லப்பட்ட அவருடைய தம்பி கில்பர்ட்டின் நினைவாகவே அது டால்பட் ஹவுஸ் ஆனது. மற்றவர் ஃபிலிப் கிளேட்டன். பருத்த உடலும் தடித்த குரலும் கொண்ட அவரை எல்லாரும் டப்பி என்றே அழைத்தனர். தந்திப் பிரிவினர் டி என்ற எழுத்தை 'டாக்' என்று ஒலித்ததால் வீட்டின் பெயர் சிப்பாய்கள் வாயில் 'டாக் எச்' ஆயிற்று. அதிலிருந்து பிறந்த இயக்கத்தின் பெயரைத் தாங்கிக் கொச்சியில் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது.

அவ்வீட்டின் விதிகளைப் பார்த்தால் கிளேட்டனின் நுட்பம் விளங்கும். அவருடைய அறை வாசலில், தாந்தேயின் நரக வாயிலைப் பகடி செய்து, உள்ளே வருவோர் பதவியை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நூலகத்தில் உறுப்பினர் அட்டை கிடையாது. புத்தகம் வேண்டுபவர் தம் தொப்பியை ஈடாக வைத்துவிட்டு எடுத்துச் செல்லவேண்டும். தொப்பியின்றித் தெருவில் இறங்கும் சிப்பாய் தண்டனைக்கு உள்ளாவான் என்பதால் புத்தகம் திரும்பி வந்தே தீரும். தொப்பி மேசைமேல் இருக்கும்வரை அதை அணிந்திருந்தவரின் பதவிச் சின்னமும் அங்கேதான் இருக்கும். படுக்கைக்கு அதிகாரிகளிடம் ஐந்து பிராங்க் வாங்கி, அதைக் கொண்டு சாதாரணச் சிப்பாய்களின் தேநீர்ச் செலவு ஈடுகட்டப்பட்டது. நட்பு மூலை என்று பெயரிட்ட சுவரில் வருவோர் தம் பெயரையும் பிரிவையும் குறித்து வைக்க, பக்கத்துப் பிரிவிலேயே இருந்தும் மாதக்கணக்கில் சந்திக்காத அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். மாடிப்படி ஏறி ஏறி உச்சிக்குப் போனால் ஹாப்ஸ் உலர்த்திய பரண் ஆலயமாகியிருந்தது; தோட்டக் கொட்டிலில் கிடந்த தச்சரின் வேலைமேசையே அங்கே பலிபீடம். ஆலயத்துக்கு வந்தாகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. தேநீர் குடித்துவிட்டு, பியானோவைத் தட்டிவிட்டுப் போனவர்களும் கிளேட்டனின் கணக்கில் பங்கு மக்களே.

இதே ஊரில், அந்த வீட்டிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், நகர்மன்ற முற்றத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. படையைவிட்டு ஓடிய குற்றத்துக்காக விடியலில் சுடப்பட்டோரின் நினைவாக அது பாதுகாக்கப்படுகிறது. அவர்கள் அடைக்கப்பட்ட அறைகளின் சுவர்களில் கீறல்கள் இன்னும் உள்ளன. அப்போரில் இவ்வாறு சுடப்பட்டுப் பின்னர் 2006இல் மன்னிப்பு வழங்கப்பட்ட பிரித்தானியப் பேரரசுப் படையினர் 306 பேர். தண்டிக்கப்பட்டவனின் கடைசி இரவில் உடனிருப்பது படைக்குருவின் வேலை. அப்படிப்பட்ட ஓர் இரவை ஜூலியன் பிக்கர்ஸ்டெத் என்ற குரு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். சுடும் படையும் அவருக்குச் சம்பளம் தரும் படையும் ஒன்றே என்பதை எத்தனை தேநீரும் மறைக்காது. ஆயினும் அவ்விரவில் அவனுக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர் அந்த அறையில் இருந்தார்; கிளேட்டன் பகல்வெளிச்சத்தில் ஒரு வீடு முழுவதற்கும் செய்ததும் அதுதான்.

படைக்குருவுக்குப் பதவி வேண்டுமா என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை தந்துள்ளன. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை அவரைப் போர்க்கைதியாகக் கருதக்கூடாது என்கிறது; பதவியைப் பற்றி அது கவலைப்படவில்லை. பிரித்தானியத் தரைப்படையில் அவர் கேப்டனாக நுழைகிறார். கடற்படையில் அவருக்குப் பதவியே கிடையாது. யாரோடு பேசுகிறாரோ அவருடைய பதவியே அக்கணத்தில் குருவுக்கும் உரியது என்பது மரபு, மாலுமியோடு பேசினால் மாலுமி, தளபதியோடு பேசினால் தளபதி. கிளேட்டன் கதவில் எழுதி ஒட்டியதைக் கடற்படை சட்டையிலேயே தைத்துக்கொண்டது. இந்தியத் தரைப்படையில் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு ஆகியோர் மத ஆசிரியர் என்ற பெயரில் நாயிப் சுபேதாராக, அதாவது அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் இடைப்பட்ட இளநிலை ஆணை அதிகாரியாகச் சேர்கின்றனர். இதைக் குறை என்று நினைப்போர் உண்டு. பத்தியாளர் அவ்வாறு நினைக்கவில்லை. விடுப்பு மறுக்கப்பட்டு, ஊரில் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சிப்பாய்க்கு, தோளில் மூன்று நட்சத்திரம் மின்னும் கேப்டனைவிட நாயிப் சுபேதாரிடம் வாய் திறப்பது எளிது. இடர் இருப்பது மறுமுனையில். மனம் உடைந்த மேஜர் ஒருவர் தமக்குச் சல்யூட் அடிக்கும் மத ஆசிரியரிடம் போய் எப்படி அழுவார் என்பதற்கு அந்த ஏற்பாட்டில் விடை இல்லை.