கால் மதிப்பெண்ணும் முழுச் சேமிப்பும்



பங்குச்சந்தை ஆய்வாளர் ஆவதற்கு என்.ஐ.எஸ்.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள் சிலர், "பழைய கேள்விகளை உருப்போட்டால் போதும், பாஸ்" என்கிறார்கள். இது தவறு. பாடநூலை அந்த நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதைப் புரட்டாமல் கேள்வித் தொகுப்புக்குப் பணம் கொட்டுவது ஏன்?

100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. உருப்போட்டே அதை எடுத்துவிடலாம். பிறகு உங்கள் பேச்சை நம்பிப் பணம் போடப்போவது யார்? நம் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிச் சிறுகச் சேர்த்தவர்களும்தான். தேர்வில் தப்பான விடைக்கு உங்களுக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். உங்கள் தப்பான யோசனைக்கு அவர்கள் சேமிப்பே போகும். எஃப் அண்ட் ஓ வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரை தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டதாகச் செபியே சொல்லியிருக்கிறது.

லாபம் காட்டும் கம்பெனியின் கையில் காசு ஏன் இல்லை என்று அதன் ஆண்டறிக்கையைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். அறுந்த இழையை முடியத் தெரியாதவரைத் தறியில் உட்கார வைப்போமா?

பாடநூலைப் படியுங்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தோற்றால் தேர்வை மறுபடி எழுதலாம். அடுத்தவர் சேமிப்பு போனால் போனதுதான்.