பஸ் வந்தால்தான் படிப்பு!

செய்யாற்றின் கரையில் உள்ள கிராமம், காவாந்தண்டலம். உத்திரமேரூர் வட்டாரத்தைச் சேர்ந்தது. இதுபோன்ற ஊரில் ஒரு பெண் பிளஸ்-2 தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே படிக்க ஆசைப்படுகிறாள்.

வீட்டில் எழும் கேள்வி என்ன? "என்ன படிக்கப் போகிறாய்?" என்பது பிறகு. "எப்படிப் போவாய்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்பதே முதல் கேள்வி!

காஞ்சீபுரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பச்சையப்பன் கல்லூரிகள் இருக்கின்றன. அருகே ஏனாத்தூரில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆனால், போய்ச் சேர வேண்டுமே!

இலவசம் மட்டும் போதுமா?

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு மே 8-ந் தேதி முதல், சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

ஆனால், காசு மிச்சமானால் மட்டும் போதாது. பஸ் நேரத்துக்கு வரவேண்டும். கல்லூரி மணி 9-க்கு அடிக்கிறது. பஸ் 9½ மணிக்கு வருகிறது என்றால் என்ன பயன்? மாலையில் வகுப்பு முடிவதற்குள் பஸ் புறப்பட்டுப் போய்விட்டால், அந்தப் பெண் எங்கே நிற்பாள்?

டெல்லியில் தெரிந்த உண்மை

டெல்லிப் பல்கலைக்கழக மாணவ, மாணவிகளிடம் கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார அறிஞர் ஆய்வு நடத்தினார். வழி பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காக, நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியில் சேரவும் மாணவிகள் தயாராக இருந்தார்கள். மாணவர்கள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மார்க் இருந்தும் வழியில்லாமல் படிப்பு தாழ்ந்து போகிறது. தலைநகரிலேயே இப்படி!

பையன்களுக்கு வேறு ஆபத்து. கூட்டம் நிறைந்த பஸ்சில் படியில் தொங்குகிறார்கள். 2012-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை பெருங்குடியில், படியில் தொங்கிச் சென்ற மாணவர்கள் 4 பேர் லாரியில் மோதி மாண்டார்கள். பெற்ற வயிறு இதைத் தாங்குமா?

ஆசிரியர்கள் ஏறட்டும்!

கல்லூரிப் பேராசிரியர்களும் அலுவலர்களும் பலர் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், மணி அடிக்கும் நேரத்தை முடிவு செய்வது ஒருவர். பஸ்சுக்குக் காத்து நிற்பது இன்னொருவர். கோளாறு இங்கேதான் இருக்கிறது.

பேராசிரியர்கள் ஒரு வாரம் மாணவர்களோடு பஸ்சில் வந்து பார்க்கட்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்க வேண்டிய அவசியமே இராது!

பிறகு, கல்லூரி முதல்வரும் பஸ் டிப்போ மேலாளரும் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் கூடி உட்காரட்டும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். அதற்கேற்ப மணியையோ, பஸ் நேரத்தையோ மாற்றட்டும். கூட்டம் மிகுந்த தடத்தில் இன்னொரு பஸ் விடட்டும். நேரத்தை மாற்ற, கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பெண் வீடு வந்து சேர்ந்துவிட்டால், மறுநாள் அவளைக் கல்லூரிக்கு அனுப்ப எந்தத் தாயும் தயங்கமாட்டாள்.