இலட்சத்தீவில் சுற்றுலா: யாருடைய தண்ணீரில்?



'சுற்றுச்சூழல் சுற்றுலா' என்று ஆட்சியாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் பிரதமர் இலட்சத்தீவுக்குச் சென்று வந்த பிறகு, அந்தத் தீவுகளைப் பார்க்கும் ஆசை நாடெங்கும் பரவியது. பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் அங்கே வாழும் மக்கள் என்ன ஆவார்கள் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

முதலில் அந்த மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 36 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் பரப்பளவு 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 64,473 பேர். அவர்களில் 100க்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கும் அதிகம். மலை இல்லை, ஆறு இல்லை. நிலம் கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர்தான் உயர்ந்திருக்கிறது.

அப்படியானால் குடிநீர் எங்கிருந்து வருகிறது? பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதுதான் கிணற்று நீர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். கழிவு நீர் கலந்தால் கிணறே கெட்டுவிடும். இந்தத் தட்டுப்பாட்டைப் போக்கத்தான் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர். குடிக்கவே இப்படிப் பாடுபட வேண்டிய இடத்தில், நீச்சல் குளமும் புல்வெளியும் கேட்கும் சொகுசு விடுதிகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

அடுத்தது பவளப்பாறை. அலையைத் தடுத்துத் தீவைக் காக்கும் மதில் அதுதான். கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்து ஏராளமாக மடிந்தன. 2024இலும் வெளுத்தன. பங்காரம் அருகே ஆளில்லாத பரளி-1 என்ற தீவு முழுவதும் கரைந்து போய்விட்டதாக ஓர் ஆய்வு சொன்ன செய்தி 2017இல் வெளியானது. ஒரு தீவே காணாமல் போன இடம் இது!

பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்புதான் தீவு மக்களின் வயிற்றுப் பிழைப்பு. அங்கே பிடிக்கும் சிறு மீன்களை உயிரோடு இரையாக்கித்தான் அவர்கள் தூண்டிலில் சூரை பிடிக்கிறார்கள். அந்தச் சூரைதான் மாசியாகித் தூத்துக்குடி வரை வருகிறது. அதே நீர்ப்பரப்பில் தூண் நட்டு வில்லா கட்டத்தான் திட்டம் போட்டார்கள். மினிக்காய், கடமத், சுஹேலி ஆகிய 3 தீவுகளில் கரையிலும் நீரிலுமாக 370 வில்லாக்களுக்கு 2021இல் நிர்வாகம் முதலீட்டாளர்களை அழைத்தது.

அதே 2021இல் வந்த வளர்ச்சி ஆணைய வரைவுச் சட்டம் நினைவிருக்கிறதா? வளர்ச்சியின் பெயரால் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ள அதில் வழி இருந்தது. கல் உடைப்பதும் சுரங்கம் தோண்டுவதும்கூட 'வளர்ச்சி' என்ற கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. மாவட்டப் பஞ்சாயத்தின் கையிலிருந்த கல்வி, சுகாதாரம், விவசாயம், கால்நடை, மீன்வளம் ஆகியவற்றின் அதிகாரங்களும் பறிக்கப்பட்டன. கேரளச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது நம்மவர்களில் பலர் மதுவையும் மாட்டிறைச்சியையும் பற்றியே அதிகம் பேசினார்கள். அவையும் பேச வேண்டியவைதான். ஆனால் கிணறு உப்பாகிவிட்டால் உணவுப் பழக்கத்தைக் காக்க அங்கே மனிதர் இருக்க மாட்டார்கள். மண்ணும் நீரும்தான் முதல் உரிமை.

'அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா? படித்த இளைஞர்களுக்கு வேலை வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுற்றுலா வேண்டும். அது தீவு மக்களின் கையில் இருக்க வேண்டும். அருகிலுள்ள மாலத்தீவைப் பாருங்கள். அங்கே 1972இல் சுற்றுலா தொடங்கியது. நெடுங்காலம் அது விடுதித் தீவுகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 2009க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் உள்ளூர்க்காரர்கள் சிறு தங்குமிடங்களைப் பரவலாக நடத்தத் தொடங்கினார்கள். அங்கிருந்து எச்சரிக்கையும் கிடைக்கிறது. குப்பை கொட்டுவதற்கென்றே திலாஃபுஷி என்ற தீவை ஒதுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. குப்பைக்கென ஒரு தீவை ஒதுக்க இலட்சத்தீவில் இடம் ஏது?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2012இல் நீதிபதி ரவீந்திரன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதைத் தொடர்ந்து தீவுகளுக்கென ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டமும் வந்தது. அந்தத் திட்டத்தை ஏட்டில் வைத்துவிட்டு ஏலம் விடுவது என்ன நியாயம்?

இலட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். நிர்வாகியோ டெல்லியால் நியமிக்கப்படுபவர். ஆகவே அவர்களுக்காக வெளியிலிருந்தும் குரல் எழ வேண்டும். நாம் கேட்க வேண்டியவை மூன்று: ஒவ்வொரு தீவின் தண்ணீரையும் அளந்து, அதற்கேற்பப் பயணிகளின் எண்ணிக்கையை வரையறுக்க வேண்டும். நீர்ப்பரப்பில் கட்டடம் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தின் சம்மதமின்றி எந்த நிலமும் கைமாறக் கூடாது.

இந்த மூன்றையும் ஏற்காத எந்தத் திட்டமும், அதற்கு என்ன பெயர் சூட்டினாலும், தீவு மக்களை மெல்ல மெல்லக் கரையேற்றி அனுப்பும் திட்டம்தான். நீங்கள் அங்கே சுற்றுலா செல்வதாக இருந்தாலும், தங்கும் இடம் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.