முதலாம் தெரிவும் முப்பத்தாறாம் தெரிவும்

ஹொட்ஜா, ஜட்டா? அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் ஹோதோர்ன் கழக இரசிகர்களைப் பல்லாண்டு காலம் துளைத்தெடுத்த கேள்வி இது.

கழகங்கள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் வழக்கம் அங்குண்டு. 2001 இல் முதலாம் தெரிவு ஹோதோர்னிடம் இருந்தது. அது லூக் ஹொட்ஜைத் தெரிந்தது. மூன்றாவதாகக் கிறிஸ் ஜட்டை வெஸ்ட் கோஸ்ட் பெற்றது.

ஜட் 2004 இலும் 2010 இலும் பிரவுண்லோ பதக்கம் வென்றதைக் காட்டி ஒரு சாரார் கைசேதப்பட்டனர். 2013, 2014, 2015 என மூன்று கிண்ணங்களை ஹொட்ஜ் தலைமையேற்று வென்றதை மறுசாரார் எடுத்துரைத்தனர்.

இரு சாராரும் பிழையான கேள்வியையே கேட்டனர் என்பேன். அதே தெரிவில் 36 ஆவதாக அழைக்கப்பட்டவர் சாம் மிச்செல். முந்திய ஆண்டில் அவரை எந்தக் கழகமும் சீந்தவில்லை. 2008 இல் ஹோதோர்னுக்குக் கிண்ணம் பெற்றுத் தந்த அணித் தலைவர் அவரே. அவருக்காக எந்த இரசிகர் வாதாடினார்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையில் தெரியாத பயிரும் விளைகிறதே!

இதில் வேறோர் அநீதியும் உண்டு. போகுமிடத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்த இளைஞனுக்கு இல்லை. மெல்பேர்ணில் வளர்ந்த ஜட், கண்டத்தின் மறுகோடியான பேர்த்துக்குப் போனார்; 2007 இன் இறுதியிலேயே மெல்பேர்ண் மீண்டார்.

பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சந்தை மாடுகளைப் போலப் பல் பிடித்துப் பார்ப்பதை இரசனை என்று நான் ஏற்கமாட்டேன். யாரைத் தெரிவது என்று கேட்டது போதும். வந்தவனை எப்படி வளர்க்கிறீர்கள் என்று உங்கள் கழகத்தைக் கேளுங்கள்.