கழிமுகத்தின் கணக்கு யார் கையில்?

களத்துமேட்டில் மரக்கால் பண்ணையார் கையில் இருந்தால் கூலி நெல் என்ன ஆகும் என்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தின் கதையும் இதுவே.

கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் எண்ணூர். உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் அந்தச் சேற்றில்தான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்கின்றன. தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து வயிறு வளர்க்கும் ஏழை ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து அந்தக் கழி பல இடங்களில் தூர்ந்துவிட்டது.

2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தையே மூடியது. அதை வாளியில் அள்ளியவர்கள் மீனவர்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று சர்க்கார் அறிவித்தது. இழந்தது எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? முன்பு கழி எப்படி இருந்தது என்ற கணக்கு ஜனங்கள் கையில் இல்லாதபோது, நஷ்டஈடு உரிமையாகாது, பிச்சையாகிவிடும்.

அனுமதி பெற்ற பெரிய ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தாங்களே அறிக்கை எழுதி அனுப்புகின்றன. திருடன் கையில் சாவி! நீர் ஏறும்போது புட்டியை நிரப்பினால் கடல் நீர் வந்து அழுக்கை மறைக்கும். வடியும்போது நிரப்பினால் உண்மை தெரியும். எந்த வேளையில் எடுத்தார்கள் என்பதிலேயே முடிவு மாறிவிடுகிறது.

ஆகவே நாம் கோருவது இது: மாதந்தோறும், ஏற்றத்திலும் வற்றத்திலும், நீரின் பிராணவாயு, உப்பு, சூடு, ஆழம் ஆகியவற்றை அளக்க வேண்டும். சேற்றிலும் மீன் சதையிலும் ஈயமும் காட்மியமும் உண்டா என்று பார்க்க வேண்டும். அளக்கும்போது மீனவர் பிரதிநிதிகள் உடன் நிற்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதிக் குப்பத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். செலவை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும்.

“ஆலையை மூடச் சொல்கிறீர்களா?” என்று முதலாளிகள் கூக்குரலிடுவார்கள். மீனவனையும் ஆலைத் தொழிலாளியையும் மோதவிடும் பழைய தந்திரம் இது. ஆலைக்குள் விஷத்தை முதலில் சுவாசிப்பவன் தொழிலாளி. குழாயில் எது, எந்த இரவில் திறந்துவிடப்படுகிறது என்று அறிந்தவனும் அவனே. அவனுடைய சங்கம் மீனவரோடு கைகோத்து நிற்கட்டும்.

மரக்கால் ஜனங்கள் கைக்கு வரட்டும்!