வீடு மாறும் விலாசங்கள்

தமிழனுக்கு சர்நேம் கிடையாது என்று யார் சொன்னது? உங்கள் மெயிலில் இருக்கும் அட்ரஸ் புக்கைத் திறந்து பாருங்கள். 'முருகன் பிளம்பர்', 'முருகன் இன்ஷூரன்ஸ்', 'முருகன் செங்கல்பட்டு'. கடைசியாக 'முருகன் எடுக்காதே'. (இவர் கைமாற்று கொடுத்தவர்.)

பெயருக்கு இரண்டு கட்டம் கொடுத்தார்கள். இனிஷியலை எங்கே போடுவது என்று தெரியாமல் தொழிலையும் ஊரையும் போட்டு ரொப்பிவிட்டோம். விவரமான ஆசாமிகள் 'கஸ்டம் ஃபீல்டு' என்ற ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் கட்டம். தண்டர்பேர்டில் இப்படி 4 உண்டு. கூகுள் கான்டாக்ட்ஸில் நாமே பெயர் வைத்துச் சேர்க்கலாம்.

நண்பர் ஒருவர், அக்கவுன்டன்ட். பழகினவர்களிடமெல்லாம் பிளட் குரூப் கேட்டு இந்தக் கட்டத்தில் குறித்துக்கொள்வார். ('ஜாதகம் ஏதும் பார்க்கறீங்களா சார்?' என்று கேட்டவர்கள் உண்டு.) சேர்த்தது 200 பேருக்கு மேல். ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது 'ஓ நெகட்டிவ் வேணும் சார்' என்றால், அடுத்த நிமிஷம் நாலு நம்பர் கொடுப்பார்.

போன வருஷம் வேலை மாறினார். எக்ஸ்போர்ட்டை அமுக்கி, பென் டிரைவில் ஏற்றி, புது இடத்தில் வேறு சாஃப்ட்வேரில் இம்போர்ட். அத்தனை பேரும் ஆஜர். மனிதருக்குப் பரம திருப்தி.

மூன்று மாதம் கழித்து ராத்திரியில் ஒரு போன். 'ஓ நெகட்டிவ்' என்று தேடினார். ஒருத்தர்கூட இல்லை. ஆட்கள் வந்திருக்கிறார்கள், ரத்தம் வரவில்லை! பழைய ஆபீஸில் அக்கவுன்ட்டை அதற்குள் மூடியாயிற்று. ஞாபகத்திலிருந்து ஒருத்தரைப் பிடித்து அன்றைக்குச் சமாளித்தார். மற்றவர்களிடம் திரும்பவும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் இப்படி?

விலாசங்களைக் கைமாற்ற சாஃப்ட்வேர்களுக்குள் இரண்டு பொது பாஷை இருக்கிறது. ஒன்று சி.எஸ்.வி. கமா போட்டுப் பிரித்த வெறும் பட்டியல். எந்தக் கட்டம் எதற்கு என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் கல்யாணம். இன்னொன்று வி-கார்டு. 1995-ல் ஆப்பிள், ஐ.பி.எம். போன்ற கம்பெனிகள் கூடிச் செய்தது. 2011-ல் வந்த நாலாம் பதிப்பில் பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் இடமுண்டு. பிளட் குரூப்புக்கு இல்லை. அதில் இல்லாத கட்டங்கள் 'எக்ஸ்' என்று ஆரம்பிக்கும் தனிப் பெயரில் போகும். வாங்கிக்கொள்ளும் சாஃப்ட்வேருக்கு அது புரியாவிட்டால், சத்தம் போடாமல் விட்டுவிடலாம். விதிப்படி குற்றமில்லை. டெஸ்க்டாப் அவுட்லுக்கில் நாமே உருவாக்கிய கட்டங்களோ, சாதாரண எக்ஸ்போர்ட்டில் வாசலைத் தாண்டுவதே இல்லை.

ஆகவே சில யோசனைகள்:

முக்கியமான விஷயத்தை 'நோட்ஸ்' கட்டத்திலும் ஒரு தடவை எழுதி வையுங்கள். அது இரண்டு பாஷைக்கும் தெரிந்த கட்டம்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பி ஒரு கற்பனை ஆசாமியை உருவாக்குங்கள். முதலில் அவரை மட்டும் அனுப்பிப் பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. அவர் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் மற்றவர்களை அனுப்பலாம்.

சி.எஸ்.வி. ஃபைலை எக்ஸெல்லில் திறந்து அப்படியே சேவ் செய்யாதீர்கள். +91-ல் ஆரம்பிக்கும் நம்பர்கள் 9.19E+11 என்று விஞ்ஞானி வேஷம் போட்டுக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். சேமித்தே ஆகவேண்டுமென்றால், நம்பர் வரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கி, யு.டி.எஃப்-8 வகை சி.எஸ்.வி.யில் சேமியுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். கூகுள் கான்டாக்ட்ஸில் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அப்படி வசதி இல்லாத இடங்களில் அந்த ஃபைல்தான் கதி.

இதையெல்லாம் ஆபீஸில் பிரிவுபசார சமோசா வரும் நேரத்தில் செய்யாதீர்கள். வேலை மாறும் எண்ணம் இல்லாதபோதே ஒரு சனிக்கிழமை செய்து பார்த்துவிடுங்கள். (சொந்தத் தொடர்புகளை மட்டும்! கம்பெனி கஸ்டமர் பட்டியலைக் கிளப்பிக்கொண்டு போனால் அது வேறு கேஸ்.) இறக்கியதும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் போதாது. ஒவ்வொருத்தரும் எதையெதைக் கொண்டுவந்தார் என்று பாருங்கள்.